பழைய புல்லட்டில் ஆயில் ஒழுகுகிறது, என்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

உங்கள் அப்பா ஓட்டிய பழைய புல்லட் 350, நிறுத்திய இடத்தில் எல்லாம் ஆயில் சொட்டுகிறது, மெக்கானிக் என்ஜினை இறக்கச் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் என்ஜினைப் பிரிக்க யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"புல்லட்டுன்னா ஒழுகத்தான் செய்யும் தம்பி" என்றும் அவர் சொல்லியிருப்பார். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1955-லிருந்து நம் சென்னையில் உருவான வண்டி அது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் உழைத்த வண்டி. ஒழுகினால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைத் தேடாதவர்கள் சொல்லும் பதில்தான் இது.

எங்கள் வண்டி என் அப்பா 1986-ல் வாங்கிய ஸ்டாண்டர்ட் 350. காஸ்ட் அயர்ன் என்ஜின், வலது காலில் கியர். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்வந்த வண்டி. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபின் மாதக்கணக்கில் நின்றது. மறுபடி எடுத்தபோதுதான் ஒழுக ஆரம்பித்தது. அப்போது பார்த்த மெக்கானிக் ஃபுல் பேக்கிங் செட் (ஜாயின்ட்களில் கசியாமல் வைக்கும் அடைப்புகள்) மாற்றினார், கூடவே கசிவை அடைக்கும் சிவப்பு பேஸ்ட்டை ஜாயின்ட் ஜாயின்டாக அப்பினார். கொஞ்ச நாள் நின்றது, பிறகு பழையபடி. அடுத்த தடவை பேஸ்ட் இன்னும் கூடியது. அதற்கப்புறம் நானே ஸ்பேனரை எடுத்து டிரெயின் நட்டைக் கழற்றினேன். ஆயிலோடு சிவப்புச் சிவப்பாகப் பேஸ்ட் துணுக்குகள் வந்தன. விரலில் எடுத்து நசுக்கினால் ரப்பராக இழுபடுகிறது. அது ஒன்று ஆயில் போகும் சின்னத் துளையில் அடைத்தால் பிக் எண்ட், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்க்கில் சுற்றும் பேரிங், காலி. வெளியே தெரியும் கசிவை நிறுத்துகிறேன் என்று உள்ளே என்ஜினைக் கொல்லும் வேலை இது.

சரி, காரணத்துக்கு வருகிறேன். இந்த என்ஜினில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது, கிராங்க் சுற்றும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள்ளேயே தனி அறையாக இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை என்ஜினுக்குத் தள்ளும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததை எடுத்துத் திரும்ப டேங்குக்கு அனுப்பும். வண்டி ரொம்ப நாள் நின்றால் டேங்கில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாக மெல்ல நழுவி கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். உடனே அரை லிட்டர் ஊற்றுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் கீழே கிடந்தது எல்லாம் மேலே வந்து, மொத்த ஆயில் அளவுக்கு மீறிப்போய், பிரீதர் என்கிற காற்றுப்போக்கி வழியாகக் கக்கும். எங்கள் வண்டியில் நடந்தது பாதி இதுதான். இதற்கு எந்தப் பேக்கிங்கும் மருந்து இல்லை. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, சில நிமிடம் விட்டு அப்புறம் அளவு பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க்கேஸ் டிரெயின் நட்டைத் திறந்து, இறங்கிக் கிடப்பதை வடித்து, சுத்தமாக இருந்தால் திரும்ப டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள்.

மீதிப் பாதி அந்த பிரீதர். பிஸ்டன் 90 மில்லிமீட்டர் கீழே இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும், மேலே ஏறும்போது வெளிக்காற்று உள்ளே வரக் கூடாது. அதற்காக பிரீதர் வழியில் வாத்து அலகு மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கும். எங்கள் வண்டியில் அது காய்ந்து விறைத்து, வாய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. காற்றுக்குப் போக வழி இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, இருக்கிற ஜாயின்ட் எல்லாவற்றிலும் ஆயிலைத் தள்ளும். நீங்கள் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் தள்ளும். விலை குறைந்த சின்னப் பொருள், இதை விட்டுவிட்டு என்ஜினை இறக்குவது என்ன நியாயம்?

இதற்கப்புறமும் கசிந்தால் இடம் தேடுங்கள். மண்ணெண்ணெய் போட்டு என்ஜினைச் சுத்தமாகக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகப்பவுடரைத் தூவுங்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும். சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். இன்னொன்று, சொட்டுவது என்ஜின் ஆயில்தானா? என்ஜின், கிளட்ச்சுக்குப் போகும் செயின் இருக்கும் பிரைமரி செயின் கேஸ், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஆயில் தனித்தனி. பிரைமரி மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது, அதைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மூடி வளைந்து ஓரத்தில் கசியும்.

எங்கள் வண்டியில் பவுடர் நனைந்தது, வால்வைத் தள்ளும் கம்பிகளின் அடியை மூடும் டேப்பட் மூடியில். அதற்கும் ஒரே நட்டுதான். கண்ணாடித் துண்டின் மேல் எமரி ஷீட்டை விரித்து மூடியை மெதுவாகத் தேய்த்தேன். நடு ஓரம் மட்டும் பளபளவென்று வந்தது, இரண்டு முனையும் கறுப்பாகவே இருந்தன. அத்தனை வருஷமாக முறுக்கி முறுக்கி மூடி வளைந்திருக்கிறது. சுற்றிலும் ஒரே பளபளப்பு வரும்வரை தேய்த்து, புது கார்க் பேக்கிங் வைத்து அளவாக முறுக்கினேன், நின்றுவிட்டது. மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் போகும் வெளிக்குழாயில் செம்பு வாஷர்கள் இருக்கும், அதையும் பாருங்கள். புதுசு கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும், மறுபடி நன்றாக உட்காரும்.

மெக்கானிக்குகளை எல்லாம் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். இந்த என்ஜினைக் கையிலேயே படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுத்தான் எனக்கே இது தெரியும். என்ஜினைப் பிரிக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்து, புது பிரீதர் ரப்பர் போட்ட பிறகும் அந்த வழியாகப் புஸ் புஸ்ஸென்று அடித்தால் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உட்சுவர், தேய்ந்திருக்கலாம், அப்போது அதைக் கடைந்து ரீபோர் செய்துதான் ஆக வேண்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாகப் பின்னால் வந்த யூ.சி.இ. என்ஜின் வேறு, அதைப் பற்றி நான் பேசவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் காதைப் பிளக்கும் பஞ்சாப் சைலன்சர் மாட்டலாமா என்று யாராவது ஆசை காட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த அலறலால்தான் ஒரிஜினல் சைலன்சரோடு ஒழுங்காகப் போகும் என்னையும் செக்போஸ்ட்டில் ஓரம் கட்டுகிறார்கள். தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீட்டார் புல்லட் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அப்பா காலத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்த்தவர்கள் அவர்கள். மரியாதையாக இருந்த வண்டியின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள், எனக்கு ஆறவே இல்லை.

முதலில் பிரீதர் ரப்பர், அப்புறம் ஆயில் அளவு. ரப்பர் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், போகும்போது பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோங்கள். பவுடர் போட்டு ஓட்டியபின் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், எந்த இடம் என்று பார்த்துச் சொல்கிறேன்.