லெதர் ரெக்லைனர்: எந்த இடத்தில் லெதர்?

கேள்வி: கோயம்புத்தூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஹாலை, தாழ்வான சாம்பல் நிற சோஃபாவும் மரத்தளமுமாக மேற்கத்திய பாணியில் அமைத்திருக்கிறோம். மாமனாருக்கு அங்கே ஒரு லெதர் ரெக்லைனர், அதாவது முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்ளும் நாற்காலி, வாங்கிப் போட ஆசை. பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு நாற்காலிகளில் ஒன்றை 28,000 ரூபாய்க்கும் மற்றொன்றை 85,000 ரூபாய்க்கும் சொல்கிறார்கள். கேட்டால் இரண்டுமே லெதர்தான் என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: லெதர் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடைக்காரர்கள் பல பொருள்களை விற்கிறார்கள். பதனிட்ட தோலைத் தடிமன்வாக்கில் இரண்டாகச் சீவும்போது கிடைக்கும் மேல்பகுதிதான் டாப் கிரெய்ன். உறுதியும் நெகிழ்வும் அதற்குத்தான் அதிகம். அடியில் மிஞ்சும் ஸ்பிளிட்டும் தோல்தான் என்றாலும் வலுக் குறைந்தது. பாண்டட் லெதர் என்பதோ தோல் துணுக்குகளை அரைத்து, பசையோடு சேர்த்துத் துணியின்மேல் படியவைத்து, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசியது. வெக்கையும் வியர்வையும் பட்டுச் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். அதைவிட நல்ல ரெக்ஸினே மேல் என்பேன்.

இவற்றுக்கு இடையில் ஹாஃப் லெதர் என்றொரு வகை உண்டு. உட்காரும், சாயும், கை வைக்கும் இடங்களில் மட்டும் தோலும் மற்ற இடங்களில் அதே நிற ரெக்ஸினும் தைத்திருப்பார்கள். சொல்லி விற்றால் அதில் தவறில்லை. பெரும்பாலான ரெக்லைனர்களில் முதுகுப்பகுதியைத் தனியே கழற்றலாம். அதற்காகப் பின்புறத்தின் கீழ்விளிம்பை வெல்க்ரோவால் ஒட்டியிருப்பார்கள். அதைப் பிரித்து உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நார்நாராகச் சொரசொரப்பாக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் அந்த இடம் ரெக்ஸினோ பாண்டட் லெதரோதான். எந்தெந்தப் பகுதியில் எந்த வகைத் தோல் என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்; தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் மாமனார் தலைக்கு எண்ணெய் தேய்ப்பவரா? சாயம் மட்டும் ஏற்றிய அனிலின் தோல் தொடுவதற்கு மிக மென்மையானது. ஆனால் தலை சாயும் இடத்தில் எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துவிடும், பிறகு அந்தக் கறையைப் போக்குவது கடினம். கறைக்கு அஞ்சி அதன்மேல் குளியல் துண்டை விரித்து வைத்தால், நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த மேற்கத்திய ஹால் என்ன ஆகும்? நிறப்பூச்சு கொடுத்த பிக்மென்டட் தோலையே வாங்குங்கள். ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். மேற்கு வெயில் நேரே விழும் ஜன்னலருகே மட்டும் போட வேண்டாம், எந்தத் தோலும் வெளுத்து வறண்டுவிடும்.

அளவெடுக்கும்போது முழுதாக விரித்த நிலையில் எடுங்கள். பல ரெக்லைனர்கள் ஐந்தரை அடிவரை நீளும், சாதாரண வகைக்குச் சுவரிலிருந்து ஓரடியாவது இடைவெளியும் வேண்டும். சுவரை ஒட்டிப் போடும் ‘வால் ஹக்கர்’ வகை முன்னோக்கி நகர்ந்து விரிவதால் சில அங்குலமே போதும். தாழ்ந்த சோஃபாவின் அருகே பருத்த கைகளும் உயர்ந்த முதுகும் கொண்ட ரெக்லைனர் யானை போல நிற்கும் என்பதால், ஒடுங்கிய கைகளும் வெளியே தெரியும் மரக்கால்களும் உள்ளதாகப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் மாமனாரையே ஷோரூமுக்கு அழைத்துச் சென்று, இருபது நிமிடமாவது உட்காரச் சொல்லுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கால்தாங்கியைத் தாமே குதிகாலால் அழுத்தி மூட முடிய வேண்டும். சோஃபாவில் சம்மணமிட்டு அமர்ந்தே பழகியவருக்கு, இரு கைகளுக்கு நடுவே அடங்கிய இந்த இருக்கை ஒத்துவராமலும் போகலாம்.

கேள்வி: ரெக்லைனரை விரித்து மூட லீவர் நல்லதா, மோட்டார் நல்லதா?

பதில்: முழங்கால் வலியுள்ளவருக்கு மோட்டார்தான். ஆனால், கால் மேலே இருக்கும்போது மின்சாரம் போனால் எழ முடியாமல் தவிப்பார். பேட்டரி இணைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில், கால்தாங்கியை இறக்கும் முன் அடியில் குனிந்து பார்ப்பது கட்டாயம்.