குவில்ட் அலுத்துவிட்டது, செலவில்லாமல் வேறு என்ன தைக்கலாம்?

குவில்ட் (துணித்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்துப் பழகிய கை, வீட்டில் நேர்த்தையலும் ஸிக்ஸாக்கும் (வளைந்து வளைந்து போகும் தையல்) போடும் சாதாரண மிஷின், கையில் அதிகம் காசு இல்லை. இதை வைத்து வேறு என்ன தைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தலையணை உறை, அடுத்து கடைக்குக் கொண்டுபோகும் பை, பிறகு சின்னப் பெண்ணுக்கு எலாஸ்டிக் பாவாடை. மூன்றும் நேர்கோட்டிலேயே முடிந்துவிடும், பேப்பர் பேட்டர்ன் எதுவும் வேண்டாம். ரவிக்கை, சட்டை என்று இப்போதே இறங்காதீர்கள். கைக்குழி வளைவில்தான் பாதிப் பேர் மிஷினை மூடி வைத்துவிடுகிறார்கள்.

தொடங்குமுன் குவில்ட் பழக்கம் ஒன்றை விட வேண்டும். குவில்ட்டில் தையலுக்குக் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. விட்டால் போதும். பின்னால் பஞ்சும் அடித்துணியும் வந்து வெட்டிய ஓரத்தை மூடிவிடும். உறைக்கும் பைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓரம் வெளியே கிடந்து, துவைக்கத் துவைக்க நூல் பிரிந்து, 6 மி.மீ. சீக்கிரமே 2 மி.மீ. ஆகித் தையல் விட்டுவிடும். ஆகவே எல்லாவற்றுக்கும் 1.5 செ.மீ. விடுங்கள், தைத்த பிறகு ஓரத்தில் ஸிக்ஸாக் ஓட்டுங்கள்.

துணிக்குக் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் போகலாம். பினாங்குக்காரர்களுக்கு லிட்டில் இந்தியா. புதுச் சுருளை வெட்டச் சொல்லுமுன் துண்டுத்துணி இருக்கிறதா என்று கேளுங்கள். சுருளின் கடைசியில் மிஞ்சும் ஒன்றரை, இரண்டு மீட்டர் துண்டுகள்தான் இந்த வேலைக்கு ஏற்றவை. கடைக்காரர் 'பிடாங் 45' என்று சொன்னால் துணியின் அகலம் 45 அங்குலம், ஏறக்குறைய 114 செ.மீ. கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அகலத்துக்குத்தான். சாட்டின், ஷிஃபான் விலை குறைவாகவே கிடைத்தாலும் தொடாதீர்கள், வெட்டும்போதே வழுக்கிக் கோணலாகிவிடும். வாங்கிய காட்டனை வெட்டுமுன் ஒருமுறை அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். முதல் அலசலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். அலசாமல் தைத்த 74 செ.மீ. உறை 71 ஆகி, தலையணை உள்ளே போக மறுக்கும். பட்டிக் துணி என்றால் தனியாக அலசுங்கள், சாயம் போகும்.

தலையணை உறை. உங்கள் தலையணையை அளந்துகொள்ளுங்கள். 48 × 74 செ.மீ. என்று வைத்துச் சொல்கிறேன். ஒரே நீளத் துண்டு போதும்: அகலம் 51 செ.மீ., நீளம் 176 செ.மீ. நீளக் கணக்கு இப்படி வருகிறது: முன்பக்கம் 74, பின்பக்கம் 74, உள்ளே மடியும் நாக்கு 20, ஒரு முனையின் அகல மடிப்புக்கு 6, மறுமுனையின் சிறு மடிப்புக்கு 2. இரண்டு துண்டுகளை அகலவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வெட்டிவிடலாம். ஆகவே 1.9 மீட்டர் வாங்கினால், சுருங்கினதும் போக, இரண்டு உறைகள் கிடைக்கும்.

ஒரு முனையில் 1 செ.மீ., அடுத்து 5 செ.மீ. மடித்துத் தையுங்கள். மறுமுனையில் 1, மீண்டும் 1. துணியின் நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரித்து, அகல மடிப்பு முனையை 74 செ.மீ. நீளத்துக்கு மடித்து மேலே போடுங்கள். இப்போது மறுமுனை 20 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை அகல மடிப்பின் மேல் மடித்துவிடுங்கள். நாக்குதான் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும். வரிசை மாறினால் திருப்பும்போது நாக்கு வெளிப்பக்கம் வந்து நிற்கும், பிரித்துத்தான் தைக்க வேண்டியிருக்கும். இரு பக்கமும் 1.5 செ.மீ. விட்டுத் தைத்து, ஸிக்ஸாக் போட்டு, வாய் வழியாகத் திருப்புங்கள். வாய் ஓரத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் நாலைந்து தையல் முன்னும் பின்னும் ஓட்ட மறக்காதீர்கள். தலையணையைத் திணிக்கும்போது முதலில் கிழிவது அந்த இடம்தான்.

பினாங்கில் 2011 ஜனவரி முதலே கடையில் பிளாஸ்டிக் பை இலவசமில்லை. அதனால் துணிப்பை தைத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. தடித்த டிரில் அல்லது கான்வாஸ் எடுங்கள். உடலுக்கு 42 × 94 செ.மீ. ஒரு துண்டு, பிடிக்கு 10 × 65 செ.மீ. இரண்டு. பிடித் துண்டின் இரு நீள ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் 2.5 செ.மீ. அகலத்தில் நாலு அடுக்கு வரும். இரு ஓரமும் தையுங்கள். உடல் துண்டை, நல்ல பக்கம் உள்ளே இருக்க, குறுக்கே பாதியாக மடித்துப் பக்கங்களைத் தைத்து ஸிக்ஸாக் போடுங்கள். அடிமூலையை விரித்தால் முக்கோணமாக நிற்கும். முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, பக்கத்தையலுக்குக் குறுக்கே ஒரு கோடு தையுங்கள். கோட்டின் நீளம் 10 செ.மீ. இருக்கும், பைக்கு அந்த அளவு அடி அகலம் கிடைக்கும். முக்கோணத்தை வெட்ட வேண்டியதில்லை, உள்ளே மடித்துவிட்டால் அடி இன்னும் உறுதியாக இருக்கும். வாய்ப்பக்கம் 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. மடித்து, அந்த மடிப்புக்கு உள்ளேயே பிடி முனைகளைச் செருகித் தைத்து, பிடியை மேல்நோக்கித் திருப்பி, சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாக ஒரு தையல் போடுங்கள்.

ஊசி உடைவது இங்கேதான். வாய் மடிப்பில் மூன்று அடுக்கு, பிடியில் நாலு, ஆக ஏழு; பிடியை மேலே திருப்பியதும் இன்னும் நாலு கூடிப் பதினொன்று. 11ஆம் எண் ஊசி இதற்குத் தாங்காது. 16 போட்டு, தையல் நீளத்தை 3 மி.மீ. ஆக்கி, அந்த இடத்தில் மட்டும் மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் இடிக்கும். ஒவ்வொரு பிடியின் மறுமுனையையும் பொருத்துமுன் முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒருமுறையாவது அந்தத் தப்பு நடக்கும்.

சிறுமிக்குப் பாவாடை இன்னும் சுலபம். 55 செ.மீ. இடுப்புக்கு அதன் இரு மடங்கு, 110 செ.மீ. சுற்று வேண்டும். 45 அங்குலத் துணியின் முழு அகலமே அதற்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். கரையோடு கரை (துணியின் நெய்த ஓரம்) சேர்த்து ஒரே ஒரு பக்கத்தையல், கரை இருப்பதால் நூல் பிரியாது. வேண்டிய நீளத்தோடு மேலே எலாஸ்டிக் குழாய்க்கு 4 செ.மீ. (1 செ.மீ. மடித்து, பிறகு 3), கீழே ஓரத்துக்கு 6 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் 2.5 செ.மீ. அகலம், நீளம் இடுப்பளவில் 5 செ.மீ. குறைத்து, இணைப்புக்கு 2 கூட்டி, 52 செ.மீ. குழாய்த் தையலில் 5 செ.மீ. இடைவெளி விட்டு, எலாஸ்டிக்கின் ஒரு முனையில் ஊக்கு மாட்டி உள்ளே தள்ளுங்கள். மறுமுனையைத் துணியோடு குண்டூசியால் குத்திவைக்காவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். முனைகளை இணைக்குமுன் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். எலாஸ்டிக் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும், கணக்கு மட்டும் போதாது. இணைத்தபின் பக்கத்தையலுக்கு நேராகக் குழாயின் குறுக்கே ஒரு செங்குத்துத் தையல் போட்டால் எலாஸ்டிக் உள்ளே புரளாது. பட்டுப்பாவாடைக்கு விடுகிற மாதிரி டக் (பிறகு பிரித்து நீளமாக்க, குறுக்கே மடித்துத் தைக்கும் மடிப்பு) விட நினைத்தால், 2 செ.மீ. ஆழ டக் ஒன்று 4 செ.மீ. துணி தின்னும். இரண்டு டக் என்றால் நீளத்தில் 8 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம்.

குவில்ட்டில் மிஞ்சின துண்டுகளைச் சட்டி இறக்கும் பிடிதுணியாக்கலாம், 20 செ.மீ. சதுரம் போதும். ஆனால் உள்ளே மிஞ்சின பாலியஸ்டர் பஞ்சை வைக்காதீர்கள், சூட்டில் உருகும். பழைய காட்டன் துண்டை மூன்று அடுக்காக வையுங்கள். மேல்துணியும் முழுக் காட்டனாக இருக்கட்டும்.

வாசல் திரைக்கு பழைய காட்டன் சேலை நல்லது. ஐந்தரை மீட்டரில் 2.3 மீட்டர் துண்டு இரண்டு வரும். வெட்டுமுன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்த இடம் நைந்திருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் தலையணை உறையாக வெட்டிக்கொள்ளலாம்.