காரின் ஆட்டோ ஏசி: 24 டிகிரி என்பது எதைக் குறிக்கிறது?

கேள்வி: பழைய காரில் ஏசிக்குத் திருகும் குமிழ்தான் இருந்தது. புதிய காரில் டிகிரிக் கணக்கு காட்டுகிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பழைய குமிழ், வெளிவரும் காற்றில் குளிரும் சூடும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை மட்டுமே முடிவு செய்தது. குளிர் மிஞ்சினால் குறைப்பது உங்கள் பொறுப்பாக இருந்தது. இப்போது நீங்கள் 24 என்று வைப்பது காற்றின் குளிர்ச்சியை அல்ல, காரின் உட்புறம் எட்ட வேண்டிய வெப்பநிலையை. டேஷ்போர்டில் சிறு துளைகளுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் உள்வெப்பத்தையும், முன் பம்பரை ஒட்டியிருக்கும் சென்சார் வெளிவெப்பத்தையும், முன்கண்ணாடிக்கு அடியில் இருப்பது வெயிலின் கடுமையையும் அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுக் கருவி அவற்றைக் கொண்டு கணக்கிட்டு, குளிர்க்காற்றையும் ஹீட்டர் காற்றையும் கலக்கும் மடலைச் சிறு மோட்டாரால் நகர்த்தி, ப்ளோயரின் (காற்றை வீசும் விசிறியின்) வேகத்தையும் தானே மாற்றிக்கொள்கிறது. காடிலாக் கார்களில் 1964ஆம் ஆண்டு மாடல்களிலேயே வந்துவிட்ட வசதி இது.

கேள்வி: வெயிலில் நின்ற காரை எடுத்ததும் ஏசியை 'லோ'வில், அதாவது ஆகக் குறைந்த வெப்பநிலையில், வைத்தால் சீக்கிரம் குளிருமா?

பதில்: குளிராது. உள்ளே அனலாக இருக்கும்போது 24இல் வைத்தாலும் மடல் முழுக் குளிர்ப் பக்கம் திரும்பி, ப்ளோயர் உச்ச வேகத்தில்தான் ஓடும். 'லோ'வில் வைத்தால் உட்புறம் குளிர்ந்த பிறகும் அது நிற்காது, அவ்வளவுதான் வேறுபாடு. முதல் ஓரிரு நிமிடங்கள் கண்ணாடிகளை இறக்கி அனல்காற்றை வெளியேற்றுவது இதைவிட மிகுந்த பயன் தரும்.

கேள்வி: நண்பகலில்கூட ப்ளோயர் மெதுவாகவே சுழல்கிறது. சர்வீஸில் பழுது எதுவும் இல்லை என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து டேஷ்போர்டின் மேற்புறத்தைப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டிச் சிறு கறுப்புக் குமிழ்போல இருப்பதுதான் வெயில் சென்சார். அதன்மேல் விரிப்பையோ பிள்ளையார் சிலையையோ வைத்துவிட்டால், வானம் மூட்டமாக இருப்பதாக எண்ணிக் கருவி வேகத்தைக் குறைத்துவிடும். நம் ஊர்க் கார்களில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். பிள்ளையாரைச் சற்றுத் தள்ளி அமர்த்தினாலே போதும். அது காரணமில்லை என்றால் ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தூசி அடைத்த ஃபில்டர் காற்றோட்டத்தையே குறைத்துவிடும்.

கேள்வி: மழையில் முன்கண்ணாடி பனிக்கிறது. ஏசியை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் விரலால் தொட்டுப் பார்த்து, ஈரம் எந்தப் பக்கம் என்று உறுதி செய்யுங்கள். உட்புறம் பனித்திருந்தால் ஏசியை நிறுத்தவே கூடாது. ஈரத்தைக் காற்றிலிருந்து பிரித்தெடுப்பது அதுதான். வெளிப்புறம் பனித்திருந்தால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது என்று பொருள். வைப்பரால் துடைத்துவிட்டு, கண்ணாடிமேல் வீசும் காற்றைத் திருப்பி, வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி கூட்டுங்கள்.