நாயோடு வேல்ஸ் கடற்கரைக்கு வரும் தம்பிக்கு

இங்கிலாந்தின் ரெடிங்கில் புதிதாகக் குடியேறியிருக்கும் தம்பி, மே கடைசியில் பள்ளி விடுமுறைக்கு லாப்ரடார் நாயையும் கூட்டிக்கொண்டு வேல்ஸின் மேற்குக் கடலோர மாவட்டமான பெம்புரோக்‌ஷயர் பக்கம் காட்டேஜ் எடுக்க வேண்டும், எதில் பதிவு செய்வது, வாடகை எவ்வளவு ஆகும், சமைக்க விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவும் வாடகையும் கூகுளில் கிடைக்கும். விடுமுறை வாரம் என்பதால் விலை அதிகமாகத்தான் இருக்கும். நான் நாயைப் பற்றிச் சொல்கிறேன்.

"நாய்க்கு அனுமதி" என்ற வரியோடு நின்றுவிடாமல் நிபந்தனைகளை முழுக்கப் படியுங்கள். பல வீடுகளில் நாய் மாடி ஏறக்கூடாது, சோபாவில் படுக்கக்கூடாது, தனியாக விட்டுவிட்டு வெளியே போகக்கூடாது. தோட்டம் நாலு பக்கமும் அடைப்பா, சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இடுப்பளவுச் சுவரை லாப்ரடார் சுலபமாகத் தாண்டிவிடும், அந்தப் பக்கம் செம்மறி மேயும்.

அதுதான் பெரிய ஆபத்து. ஆட்டை விரட்டும் நாயைத் தடுக்க வேறு வழியில்லை என்றால் பண்ணைக்காரர் சுடலாம், 1971 விலங்குகள் சட்டம் அவர் பக்கம் நிற்கும். மக்கள் நடக்கத் திறந்துவிட்ட மலை, மேய்ச்சல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

டென்பி, நியூகேல் போன்ற கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை மணலின் ஒரு பகுதியிலாவது நாய்க்குத் தடை உண்டு. பாராஃபண்டில், ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்ட் என்ற இரண்டு கடற்கரைகளிலும் ஆண்டு முழுவதும் நாயை விடுவார்கள். ஆனால் ஃப்ரெஷ்வாட்டர் வெஸ்டில் நீரோட்டம் பொல்லாதது, முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். நாய் தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். 999 அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு பேர் தங்கும் வீட்டில் பன்னிரண்டு பேரை ஏற்றி, மீனைப் பொரித்து, ஜன்னலைக்கூடத் திறக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்தை வீட்டுக்காரர் சந்தேகமாகப் பார்க்கிறார். எனக்கே அப்படி ஒருவர் முன்பணத்தைப் பிடித்துவைத்தார், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் தாராளமாகச் சமையுங்கள், தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவையுங்கள், புகை அலாரம் அடிக்காது.

நான் தெற்கு வேல்ஸின் ஸ்வான்சீ நகருக்கு வந்தபோது இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. அப்போது இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலத்தில் வேல்ஸுக்குள் வர மட்டும் சுங்கம், வெளியேறக் காசில்லை. 2018 டிசம்பரில்தான் அந்தச் சுங்கத்தை நீக்கினார்கள். வாடகை அறையில் ஹீட்டர் எரியாது, வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் கோலி இன நாயோடு என்னையும் பக்கத்திலிருக்கும் ரோசிலிக் கடலோரக் குன்றுக்கு நடக்கக் கூட்டிப் போனார். மழைக்கோட்டு எப்படிப்பட்டது வாங்க வேண்டும், சேற்றில் எப்படிக் கால் வைக்க வேண்டும், எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். லண்டனில் இருபது வருடம் இருந்தும் தமிழர்கள் நிறைந்த ஈஸ்ட் ஹாமைத் தாண்டாத உறவினர்கள் எனக்கு உண்டு. நானோ இன்று எந்த மழையிலும் அந்தக் குன்றில் நடப்பேன்.

ரோசிலி முனையில் வோர்ம்ஸ் ஹெட் பாறைத்தீவு இருக்கிறது. கடல் முழுக்க வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம்தான் நடந்து கடக்கலாம், தவறினால் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்வீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஸ்வான்சீ விரிகுடாவில் நீர் 8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். பாட்டி, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் நாயின் கழுத்துப்பட்டையைக்கூடக் கையில் எடுக்க மாட்டார். பெம்புரோக்‌ஷயரில் நீங்கள் போகும் குடாக்களிலும் நீர் ஏறினால் மணலே காணாமல் போகும். கடலோர ஊர்க் கடைகளில் அந்த அட்டவணை சின்னப் புத்தகமாகக் கிடைக்கும். வந்து சேர்ந்த அன்றே ஒன்று வாங்கிவிடுங்கள்.