குளத்து ஆலா எங்கே கூடு கட்டுகிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் ஐப்பசி பிறந்தால் சின்ன வெள்ளைப் பறவைகள் தண்ணீருக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கூடு கட்டியதை யாரும் பார்த்ததில்லை. கடல் பறவை, புயலில் வழி தப்பி வந்துவிட்டது என்கிறார் எங்கள் அப்புச்சி. மீன் குத்தகைக்காரரோ குஞ்சு மீனைத் தின்றுவிடும் என்று பட்டாசு வெடித்து விரட்டுகிறார். என்ன பறவைங்க இது?
– ஊத்துக்குளி வாசகி

பதில்: மீசை ஆலாங்க. அப்புச்சி சொல்வதிலும் பாதி சரி. ஆலாக்களில் பல கடலோரத்தில் வாழ்பவைதான். ஆனால் இது நல்ல தண்ணீர்ச் சதுப்பில் பிறந்தது. வழி தப்பவும் இல்லை, குளிர்காலத்துக்கு வருஷா வருஷம் வருகிறது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் நான் ஆசையாகப் போய்ப் பார்ப்பதும் இதைத்தான்.

அதன் கூடு மரத்தில் இருக்காது, கரையிலும் இருக்காது. தண்ணீரில் மிதக்கும். அல்லி இலை, பாசி, காய்ந்த கோரைத் தண்டு எல்லாவற்றையும் நீர்ச்செடிகளின் மேல் குவித்து, அதில் இரண்டு மூன்று முட்டை வைக்கும். தனியாகக் கட்டாது, பக்கத்தில் பக்கத்தில் பல ஜோடிகள் கட்டும். காஷ்மீர் பள்ளத்தாக்கு ஏரிகளிலும் கங்கைச் சமவெளியிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இது நடக்கும். மழையில் மட்டம் ஏறினால் கூடும் கூடவே ஏறும், பெரிய அலை அடித்தால் கலைந்துவிடும். பொரித்த சில நாளிலேயே குஞ்சுகள் கூட்டை விட்டு இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த மாதங்களில் நம் குளங்களைப் பாருங்கள்: பாதி வற்றி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அலையடித்துக் கிடக்கும். மிதக்கும் கூடு அதில் எங்கே நிற்கும்?

அப்புறம் அந்தப் பட்டாசு. எனக்கு மனசே கேட்கவில்லை. மீசை ஆலா சுமார் 25 செ.மீ. நீளமுள்ள, எடை குறைந்த பறவை. மீன்கொத்தி மாதிரி பாய்ந்து மூழ்குவது அதன் வழக்கமல்ல. பறந்தபடியே தாழ வந்து நீர்ப்பூச்சி, தட்டான், தலைப்பிரட்டை, பொடி மீன் என்று மேலாக இருப்பதைக் கொத்திக்கொண்டு போகும். கையகலம் வளர்ந்த கட்லாவை அதனால் தூக்கவே முடியாது. குத்தகைக்காரரை ஒரு காலை கரையில் உட்கார்ந்து, அது எதை எடுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வெடிச் சத்தத்தில் நாமக்கோழியும் மடையானும்கூடத்தான் ஓடுகின்றன.

ஏப்ரலில் மறக்காமல் பாருங்கள். கிளம்புவதற்கு முன் சிலவற்றுக்குத் தலை கறுத்து, வயிறு கரும்சாம்பலாகி, கன்னத்தில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரியும். குளிர்காலத்தில் பார்த்ததும் இதுவும் ஒரே பறவை என்று நம்பவே முடியாது.

கேள்வி: அணையில் மஞ்சள் அலகோடு ஒரு பெரிய ஆலா பார்த்தேன். அதுவும் மீசை ஆலாவா?
– பவானிசாகர் வாசகர்

பதில்: இல்லைங்க, ஆற்று ஆலா. வால் நீளமாகப் பிளந்திருக்கும். கோடையில் தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் மணல் திட்டுகளில், தரையில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். கர்நாடகத்தின் பத்ரா அணைத் தீவுகளில் பெருங்கூட்டமாக இனம் பெருக்குகின்றன. முட்டை மண் நிறத்திலேயே இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. மாசி முதல் சித்திரை வரை அந்த மாதிரித் திட்டுகளில் நடக்காதீர்கள், நாயையும் அழைத்துப் போகாதீர்கள்.