அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அடிமைமுறைதான் காரணமா?

தெற்கு, அடிமைமுறைக்காக அல்ல, மாநிலங்களின் தன்னாட்சி உரிமைக்காகவே போரிட்டது என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியல்ல. 1861 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலமான மிசிசிப்பி, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று பிரிவினைப் பிரகடனத்தின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க மறுத்த வட மாநிலங்களின் உரிமையையோ அதே தெற்கு ஏற்கவே இல்லை. ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்களைச் சொத்தாகக் கணக்கிட்டிருந்த தென் மாநிலங்கள், மேற்கின் புதிய பகுதிகளுக்கு அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் 1860-இல் வென்றதும் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கின.

ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபின், 1865-இல் 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்கான தண்டனை என்ற விதிவிலக்கை அது விட்டுவைத்ததால், வேலையின்றித் திரிந்ததாகக் கைதுசெய்யப்பட்ட கறுப்பின மக்களைத் தென் மாநில அரசுகள் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் வாடகைக்கு விட்டன என்பதுதான் கொடுமை; 1877-இல் தெற்கிலிருந்து கூட்டாட்சி (மத்திய அரசுப்) படைகள் விலகிய பிறகு கறுப்பின மக்களின் வாக்குரிமையும் படிப்படியாகப் பறிக்கப்பட்டது.