ஏழு கவுண்டிகளுக்கு ஒரே திட்டம் எதற்கு?

(அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வட்டாரத் திட்ட அலுவலராக 22 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஏழு கவுண்டிகளுக்குச் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) சேர்த்துப் பொருளாதாரத் திட்டம் தயாரிக்கும் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாள். அது அரசாங்க வேலையா? அதனால் யாருக்குப் பயன்?

பதில்: அரசாங்கத்தை ஒட்டிய வேலைதான், அம்மா. கவுண்டித் தலைவர்களும் நகர மேயர்களும் உட்காரும் ஒரு குழுவின் கீழ் நடக்கும். கென்டக்கியில் 120 கவுண்டிகள். அவற்றை 15 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நான் இருந்தது கிழக்கே, நிலக்கரி மலைப்பகுதியில். எங்களுக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. பேசிச் சம்மதிக்க வைப்பதுதான் எங்கள் வேலை.

பயன் என்று கேட்டீர்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிற்பேட்டைச் சாலை போன்றவற்றுக்கு மத்திய அரசின் பொருளாதார மேம்பாட்டு நிர்வாகம் மானியம் தருகிறது. 1965இல் வந்த ஒரு சட்டத்தின்படி அது நடக்கிறது. மானியம் வேண்டுமென்றால் வட்டாரத்துக்கு ஒரு திட்டம் இருக்க வேண்டும். அதை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும். அலுவலகங்களில் அந்தத் திட்டத்தை 'செட்ஸ்' (CEDS) என்பார்கள். மானியம் வந்தால் போதுமென்று, பழைய திட்டத்தில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு திட்டம், மூடி மூன்று வருடமான சுரங்கத்தைப் பெரிய வேலைவாய்ப்பு என்று காட்டியது. அங்கே வேலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: ஒவ்வொரு கவுண்டியும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டால் போதாதா?

பதில்: வேலைக்குப் போகிறவர்கள் எல்லை பார்த்தா போகிறார்கள்? கென்டக்கியில் காரின் நம்பர் பிளேட்டிலேயே கவுண்டியின் பெயர் இருக்கும். ஒரு நாள் காலை ஷிஃப்ட் தொடங்கியதும், ஒரு தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் நோட்டோடு நடந்து, ஒவ்வொரு பெயராகக் குறித்தேன். பாதிக்கு மேல் பக்கத்துக் கவுண்டிகளின் கார்கள். அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் வைத்த பிறகுதான், "எங்கள் ஆட்களுக்கும் அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் சாலை வேண்டுமே" என்று பக்கத்துக் கவுண்டித் தலைவர் வாய் திறந்தார். அதற்கு முன் இரண்டு வருடம் அவர் பேசாமலே உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: தொழிற்சாலை ஒரே கவுண்டியில்தானே வரும்? மற்றவர்கள் ஏன் ஒத்துழைக்க வேண்டும்?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கென்டக்கியில் சம்பளத்தின் மேல் உள்ளூர் வரி உண்டு. அது வேலை செய்யும் இடத்துக்குப் போகும், குடியிருக்கும் இடத்துக்கு அல்ல. தொழிற்சாலை உள்ள கவுண்டிக்குப் பணம். தொழிலாளியின் பிள்ளை படிக்கும் பள்ளி இன்னொரு கவுண்டியில். இதைப் பேசாமல் "நாம் எல்லோரும் ஒரே வட்டாரம்" என்று எத்தனை பக்கம் எழுதினாலும் யாரும் மனதார வரமாட்டார்கள்.

வழி இருக்கிறது. மினசோட்டா மாநிலம் 1971இல் ஒரு சட்டம் போட்டது. மினியாபொலிஸைச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில், வணிக, தொழில் சொத்துகளின் வரி போடக்கூடிய மதிப்பு அந்த ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு வளர்ந்ததோ அதில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகும். சொத்து மதிப்பு குறைந்த ஊர்களுக்கு அதிலிருந்து கூடுதல் பங்கு. வழக்குப் போட்டார்கள், 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இன்றும் அது நடப்பில் இருக்கிறது.

ஜார்ஜியாவில் சவானா பக்கம் நான்கு கவுண்டிகள் கூட்டு ஆணையம் வைத்து, பிரையன் கவுண்டியில் நிலம் வாங்கிப் போட்டன. 2022இல் ஹூண்டாய் அங்கே வருவதாக அறிவித்தது. ஆனால் தண்ணீருக்குப் பக்கத்து புல்லக் கவுண்டியில் நான்கு ஆழ்துளைக் கிணறுகள் என்றதும், தங்கள் கிணறு வற்றிவிடுமோ என்று அங்குள்ள விவசாயிகள் கலங்கினார்கள். வரியைப் போலத் தண்ணீரையும் முதலிலேயே பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தொழிற்சாலை வந்த பிறகு பேசினால், வாங்கியவர் கை மேலே, கொடுத்தவர் கை கீழே.

கேள்வி: மகளுக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்.

பதில்: பழைய திட்டத்தின் கடைசிப் பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்த ஆண்டு, பணம் எங்கிருந்து என்று அங்கே இருக்கும். அந்த ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, பேர் இருக்கிற ஆளுக்கு போன் போட்டு, "இது நடந்ததா?" என்று கேட்கட்டும். அப்புறம் ஏழு கவுண்டிக்கும் ஒரு முறை காரோட்டிப் போய்விட்டு வரட்டும். காலை ஐந்தரைக்கே கிளம்பினால், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று சாலையிலேயே தெரிந்துவிடும்.